பேச்சியும் பேச்சியம்மாளும்

மாமாவுக்குப் பதினாறு முடிந்த மறுநாள், அத்தை அந்தக் கறுப்பு டிரங்குப் பெட்டியைத் திறந்து என் முன்னால் வைத்தாள். மூடியில் வெள்ளைப் பெயிண்டில் மாமாவின் பட்டாளத்து நம்பர். உள்ளே டிஸ்சார்ஜ் புக், பென்ஷன் ஆர்டர், இரண்டு மெடல், அந்துருண்டை வாசம். "யய்யா, இதுல எது வேணும்னு நீயே பாத்து எடுத்துக்கோ" என்றாள். அது 2023 அக்டோபர். குடும்பப் பென்ஷன் அவள் கணக்கில் முதல்முறையாக ஏறியது 2024 ஜூனில். நடுவில் நடந்ததை எழுதி வைக்கிறேன். இன்னொரு வீட்டில் இதே மாதிரிப் பெட்டி திறக்கும்போது உதவட்டும்.

மாமா 1974-ல் மதராஸ் ரெஜிமெண்டில் சேர்ந்து 1991-ல் ஹவில்தாராக வந்தவர். நம் நாட்டில் யாரையும் பிடித்துக்கொண்டு போய்ப் பட்டாளத்தில் சேர்ப்பதில்லை. அவரும் முக்கூடல் பக்கத்திலிருந்து பஸ் ஏறித் தானாகப் போனவர்தான். லடாக்கில் ஒரு பனிக்காலம் இருந்ததில் இடது காலில் இரண்டு விரல் மரத்துப்போய் விட்டது. தாமிரபரணியில் காலை விட்டு உட்கார்ந்தால், மீன் கடிப்பது அந்த இரண்டு விரலுக்கு மட்டும் தெரியாது என்பார். அதற்கென்று எந்தக் காகிதமும் அவர் கேட்டு வாங்கவில்லை. அவர் அம்மா இறந்த தந்தி கிடைத்து, ரயில் பிடித்து ஊர் வந்து சேர்ந்தபோது எல்லாக் காரியமும் முடிந்திருந்தது. அந்தப் பதினேழு வருஷமும் இங்கே அத்தை பீடி சுற்றி இரண்டு பெண்களை வளர்த்தாள்.

ராணுவப் பென்ஷன் இப்போது ஸ்பர்ஷ் என்ற இணையதளம் வழியாக வருகிறது. பிரயாக்ராஜில் இருக்கும் பென்ஷன் கணக்கு அலுவலகம் அதை நடத்துகிறது. இறப்பை உடனே அதில் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காமல் விட்டு, இறந்தவர் பெயரில் மேற்கொண்டு பணம் ஏறினால் பிறகு திருப்பிப் பிடித்துவிடுவார்கள். உள்ளே நுழைய ஓடிபி மாமாவின் போனுக்குத்தான் வரும். அதனால் அந்த சிம்முக்கு ரீசார்ஜ் போட்டு வைத்தேன். நல்லவேளை, யாரும் அதற்குள் அதைத் தூக்கிப் போடவில்லை.

சிக்கல் பெயரில் வந்தது. பென்ஷன் ஆர்டரில் மனைவி பெயர் பேச்சி. ஆதாரில் பேச்சியம்மாள். கல்யாணமான புதிதில் பட்டாலியன் கிளார்க் கேட்டபோது, வீட்டில் கூப்பிடும் பெயரை மாமா அப்படியே சொல்லியிருக்கிறார். பிறந்த வருஷமும் இரண்டு தள்ளியிருந்தது. ஓர் அலுவலகத்துக்கு நான்கு தடவை போனோம். ஒவ்வொரு தடவையும் "பேரு வேற, ஆளு வேற" என்று திருப்பி அனுப்பினார்கள். ஒரு நாள் போனால் அத்தைக்கு அன்றைய பீடிக் கூலி போச்சு. நான்காம் தடவை திரும்பும்போது, பஸ்ஸில் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "அப்போ நான் யாருய்யா?"

எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

வழி காட்டியவர் பக்கத்து ஊர்க்காரர், பட்டாளத்தில் நாயக் பதவியில் இருந்து ஓய்வுபெற்றவர். "தம்பி, பேரைத் திருத்த வேண்டியது இங்க இல்ல, வெலிங்டன்ல" என்றார். நீலகிரியில் வெலிங்டனில்தான் மதராஸ் ரெஜிமெண்டின் ரெக்கார்ட்ஸ், அதாவது பட்டாளத்துக்காரர்களின் பதிவேடுகளை வைத்திருக்கும் அலுவலகம், இருக்கிறது. இரண்டு பெயரும் ஒருவரே என்று நோட்டரி முன் ஒரு பிரமாணப் பத்திரம், தாசில்தாரிடம் ஒரு சான்று, ஆதார், ரேஷன் கார்டு, டிஸ்சார்ஜ் புக் நகல், இருவரும் சேர்ந்திருக்கும் போட்டோ எல்லாம் வைத்து, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக அனுப்பினோம். எங்களிடம் வாரிசுச் சான்று கேட்கவே இல்லை. அது வேண்டும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு அலைந்த மூன்று வாரமும் வீண்.

டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி ஊருக்குள் வந்தது. வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். அத்தை முதலில் தூக்கிப் பரணில் வைத்தது அந்தப் பெட்டியைத்தான். அரிசிப் பானை நனைந்துவிட்டது.

மார்ச்சில் பெயர் திருத்தம் வந்தது. அப்புறம் ஆள் அவள்தான் என்று உறுதிசெய்ய சேவை மையத்தில் கைரேகை. அத்தை பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாள், இயந்திரம் எடுக்கவில்லை. நாற்பது வருஷமாக இலை வெட்டி, தூள் வைத்து, மடக்கி, நூல் சுற்றிய விரல்கள். நுனியில் கோடே இல்லை, கூழாங்கல் மாதிரி வழுவழுவென்று இருந்தது. மையத்தில் இருந்த பெண் பொறுமையாக, "முகத்த வச்சும் எடுக்கலாம் பாட்டி" என்று வாசல் வெளிச்சத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தாள். போன் கேமரா முன் அத்தை கண் சிமிட்டினாள், சரியாகிவிட்டது. பீடி சுற்றும் பெண்கள் நிறைந்த நம் பக்கத்தில் இது எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

மாமா இறந்த மறுநாளிலிருந்து கணக்கிட்டு நிலுவையும் சேர்ந்து வந்தது. சாதாரணக் குடும்பப் பென்ஷன் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். 9,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது, அதன் மேல் அகவிலை நிவாரணம் உண்டு. கணவர் ஓய்வு பெற்ற பின் 67 வயதுக்கு முன்பே இறந்திருந்தால், கொஞ்ச காலத்துக்குக் கூடுதல் விகிதம் கிடைக்கும். மாமாவுக்கு 68.

1949-லிருந்து டிசம்பர் 7 கொடி நாள், படைவீரர் குடும்பங்களின் நலனுக்குப் பணம் திரட்டும் நாள். பள்ளிக்கூடத்தில் நானும் காசு போட்டுக் கொடியைச் சட்டையில் குத்தியிருக்கிறேன். அந்தப் பணம் தேவைதான், போடத்தான் வேண்டும். ஆனால் அந்த எட்டு மாதத்தில் அத்தைக்குத் தேவைப்பட்டது, லீவு போட்டுக் கூட வர ஓர் ஆள். படித்த மருமகன் இருந்ததால் அவளுக்கு நடந்தது. இல்லாதவர்கள் எத்தனை பேர் பெட்டியை மூடி வைத்துவிட்டுச் சும்மா இருக்கிறார்களோ என்று நினைத்தால் மனசு ஆறவில்லை. பனியில் விரலைக் கொடுத்துவிட்டு வந்தவரின் வீட்டுக்காரி, தான் யார் என்று நம்மிடம் கேட்கும்படி விடக் கூடாது.

இப்போது மாதத்தில் ஒரு ஞாயிறு நானும் அந்த நாயக்கும் எங்கள் ஊர் அம்மன் கோவில் திண்ணையில் உட்காருகிறோம். பட்டாளத்துக்காரர் உயிரோடு இருக்கும்போதே, மனைவி பெயரும் பிறந்த தேதியும் ஆதாரோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்து, இல்லாவிட்டால் அவர் கையெழுத்திலேயே திருத்தத்துக்கு எழுதி அனுப்புகிறோம். போன ஞாயிறு நாலு பேர் வந்தார்கள். ஒருவரின் ஆர்டரில் மனைவி பெயர் மாரி. "மாரியம்மாதான், எல்லாம் ஒண்ணுதானே தம்பி" என்று சிரித்தார். திங்கட்கிழமை தபாலில் சேர்த்துவிட்டோம்.