தீபன் பார்த்தாச்சுங்க

2015-இல் கான் விழாவில் தங்கப்பனை விருது வாங்கிய ‘தீபன்’ படத்தை இப்போதுதான் பார்த்தேன். இலங்கைப் போரிலிருந்து தப்பிக்க, செத்துப்போன ஒரு குடும்பத்தின் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு, முன்பின் தெரியாத மூன்று பேர் அப்பா, அம்மா, மகளாகப் பிரான்சுக்குப் போகிறார்கள். அப்பாவாகப் போகும் தீபனோ நிஜ மனைவி, பிள்ளைகளைப் போரில் பறிகொடுத்தவன். அதற்காக உட்கார்ந்து அழக்கூட நேரமில்லை, பிளாட் கூட்ட வேண்டும், புது பாஷை படிக்க வேண்டும். தீபனாக வரும் ஈழத்து எழுத்தாளர் ஷோபாசக்தி நடித்த மாதிரியே இல்லை. அவரும் சின்ன வயதில் புலிகள் இயக்கத்தில் இருந்தவர்தானே. கடைசித் துப்பாக்கிச் சண்டை மட்டும் எனக்கு ஒட்டவில்லை.

நம்ம பவானிசாகர் இலங்கை அகதிகள் முகாமில் எத்தனையோ பேர் பிறந்து வளர்ந்தே பெரியவர்களாகிவிட்டார்கள். அணை பார்க்கப் போகும் நாம் அந்தப் பக்கம் திரும்புவதில்லை. சத்தி, கோபியில் யாராவது இந்தப் படத்தைத் திரையிடுவதாக இருந்தால் சொல்லுங்க, புரொஜெக்டர் நான் கொண்டு வர்றேன்.