தென்னாப்பிரிக்க நாடாளுமன்றத்தில் கொறடாவின் பிடி எங்கே இருக்கிறது?

இந்தியச் செய்திகளைப் பார்த்துப் பழகிய டர்பன் தமிழர்கள் பலர், கொறடா உத்தரவை மீறினால் பதவி போய்விடும் என்று நினைக்கிறார்கள். இந்தியாவில் 1985ஆம் ஆண்டின் கட்சித் தாவல் தடைச் சட்டப்படி அது நடக்கும். நாடாளுமன்றம் இருக்கும் கேப்டவுனில் மாற்றி வாக்களிப்பதால் மட்டும் யாரும் பதவி இழப்பதில்லை. அரசியலமைப்பின் 47ஆம் பிரிவுப்படி, தன்னை நிறுத்திய கட்சியில் உறுப்பினராக இல்லாமல் போனால் இடம் பறிபோகும். ஆகவே கட்சி முதலில் விசாரித்து ஆளை நீக்க வேண்டும். நீக்கிய பிறகு இடைத்தேர்தல் கிடையாது. கட்சி கொடுத்த வேட்பாளர் பட்டியலில் அடுத்திருப்பவர் வந்து உட்காருவார். டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதி வாக்காளரை யாரும் கேட்பதில்லை.

கொறடாவின் அன்றாட வேலை தலை எண்ணுவது. தேசியப் பேரவையில் 400 பேர். மசோதா மீது வாக்கெடுக்க 201 பேர் அவையில் இருக்க வேண்டும். மற்றவற்றுக்கு மூன்றில் ஒரு பங்கு, அதாவது 134 பேர் போதும். எந்த அமைச்சர் வெளிநாட்டில், யார் விடுப்பில் என்பது முன்கூட்டியே தெரியாவிட்டால் வாக்கெடுப்பைத் தள்ளிவைக்க நேரும். 2024 தேர்தலில் ஆளுங்கட்சியான ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரஸ் (ஏஎன்சி) பெரும்பான்மை இழந்து 159 இடங்களுக்கு இறங்கிய பிறகு இந்தக் கணக்கு இன்னும் கடினமாகிவிட்டது. 2025 ஏப்ரல் 2 அன்று வரவுசெலவுச் சட்டகம், அதாவது பட்ஜெட்டின் மொத்த வரவு, செலவு, கடன் அளவுகள், 194க்கு 182 என்று தப்பியது. கூட்டணி அரசில் இருந்துகொண்டே ஜனநாயகக் கூட்டணிக் கட்சி (டிஏ) எதிர்த்து வாக்களித்தது. ஏஎன்சி கொறடாவின் உத்தரவு அவர்களிடம் செல்லாது; அரசுக்கு வெளியே இருந்த சிறு கட்சிகளிடம் பேசித்தான் எண்ணிக்கையைத் தேற்ற வேண்டியிருந்தது.

ரகசிய வாக்கெடுப்பில் கொறடாவுக்குக் கண் தெரியாது. 2017 ஆகஸ்ட் 8 அன்று அப்போதைய குடியரசுத் தலைவர் ஜூமா மீதான நம்பிக்கையில்லாத் தீர்மானம் 177க்கு 198 என்று தோற்றது. எதிர்க்கட்சிகளுக்கு மொத்தம் 151 இடங்கள்தான். அப்படியானால் ஏஎன்சியிலிருந்து குறைந்தது 26 பேர் தலைவருக்கு எதிராக வாக்களித்திருக்கிறார்கள். குடியரசுத் தலைவரை இறக்கும் வாக்கெடுப்பில் மட்டும் இந்த மறைவு தேவை என்பது என் கருத்து. மற்றவை திறந்தே நடக்கட்டும். நம் பிரதிநிதி எப்படி வாக்களித்தார் என்று நமக்குத் தெரிந்தாக வேண்டும்.

எனக்கு அதிகம் கவலை தருவது குழுக்கள்தான். யார் எந்தக் குழுவில் என்பதைக் கட்சி முடிவு செய்கிறது. அதை நடத்திக்கொடுப்பவர் கொறடா. 2001இல் அரசின் ஆயுதக் கொள்முதலைத் துருவிய ஏஎன்சி உறுப்பினர் ஆண்ட்ரூ ஃபைன்ஸ்டைன், பொதுக்கணக்குக் குழுவில் ஏஎன்சி அணித் தலைமையிலிருந்து மாற்றப்பட்டார். அப்போது ஏஎன்சியின் தலைமைக் கொறடாவாக இருந்த டோனி யெங்கெனி, அதே கொள்முதலோடு தொடர்புடைய கார் தள்ளுபடி விவகாரத்தில் 2003இல் மோசடிக் குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஃபைன்ஸ்டைனை மாற்ற அவையில் வாக்கெடுப்பு எதுவும் தேவைப்படவில்லை. குழு உறுப்பினர் மாற்றங்கள் நாடாளுமன்ற இணையதளத்தின் அறிவிப்புத் தொகுப்பில் வெளியாகின்றன. ஒரு விசாரணை நடக்கும்போது அதை எடுத்துப் பாருங்கள், யார் பெயர் காணாமல் போயிருக்கிறது என்று.