வாசல் பள்ளமும் ஐந்து நோட்டீஸ்களும்

மார்ச் 3, திங்கள்

உள்ளாட்சித் தேர்தலுக்கு இன்னும் மூன்று வாரம்கூட இல்லை. கதவிடுக்கில் இன்று மட்டும் இரண்டு நோட்டீஸ். ஏற்கெனவே வந்ததோடு ஐந்து ஆகிவிட்டது. ஐந்திலும் சாலை வருகிறது. "தரமான சாலை", "குழியில்லா வார்டு". எந்தத் தெரு, எப்போது, யார் பொறுப்பு என்று ஒன்றிலும் இல்லை. எங்கள் வாசலுக்கு நேரே இருக்கும் பள்ளம் மட்டும் ஐந்து பேருக்கும் நன்றாகத் தெரியும். அதைத் தாண்டித்தானே நோட்டீஸ் போட வருகிறார்கள்.

மார்ச் 6, வியாழன்

ராத்திரி நல்ல மழை. காலையில் பல் தேய்த்தபடி அந்தப் பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முழுக்கத் தண்ணீர். ஒரு வேன் சக்கரம் இறங்கியதும் சேற்றுநீர் பீய்ச்சியடித்தது, கூடவே நாலைந்து ஜல்லி வெளியே வந்து விழுந்தது. அடுத்த வண்டிக்கு இன்னும் நாலைந்து. ஒரு மணி நேரம் நின்றிருந்தால் பள்ளம் வளர்வதைக் கண்ணாலேயே பார்த்திருக்கலாம்.

தார் தானாகக் கெட்டுப்போவது குறைவு. மயிரிழை வெடிப்பில் தண்ணீர் இறங்கும், அடியில் இருக்கும் ஜல்லிப் படுகை ஊறும், மேலே பாரம் ஏறியதும் அமிழும். அதிலும் கனரக வண்டிதான் எமன். 1958-ல் தொடங்கி அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் தனியாகச் சாலை போட்டு லாரிகளை ஓட்டிச் சோதித்தார்கள். வண்டியின் சக்கர அச்சில் ஏறும் எடை இரண்டு மடங்கானால் சேதம் ஏறக்குறைய பதினாறு மடங்கு ஆகும் என்ற கணக்கு அதிலிருந்து வந்ததுதான். லாரிகள் எந்தத் தெரு வழியாகப் போகலாம் என்பதைப் பற்றி ஐந்து நோட்டீஸிலும் ஒரு வரி இல்லை.

இரண்டு மாதம் முன்பு இந்தப் பள்ளத்தை மூடினார்கள். ஈரத்தைக்கூடத் துடைக்காமல் தார்க்கலவையைக் கொட்டி, மண்வெட்டியால் நாலு தட்டு. அவ்வளவுதான்.

மார்ச் 9, ஞாயிறு

முதல் வேட்பாளர் வந்தார். பெரிய சாலையை ஆறு வழியாக்குவாராம். "அகலப்படுத்திட்டா நெரிசலுக்கே இடமில்ல சார்" என்றார். "அந்தச் சாலை கவுன்சில் கையிலயா இருக்கு?" என்று கேட்டேன். "மேலே பேசி வாங்கிடலாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்கு நகர்ந்தார். இல்லாத அதிகாரத்தை வைத்து வாக்குறுதி கொடுப்பது ஒரு தனிக் கலை.

அகலப்படுத்தினால் நெரிசல் போய்விடும் என்பதும் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் பலிக்கவில்லை. அங்கே கேட்டி நெடுஞ்சாலையைச் சில இடங்களில் 26 வழி வரை விரித்து 2008-ல் முடித்தார்கள். 2011-க்கும் 2014-க்கும் நடுவில் மாலை நேரப் பயணம் பாதிக்கு மேல் கூடிவிட்டது. இடம் கிடைத்ததும் புது வண்டிகள் வந்து நிரப்பிவிட்டன.

மார்ச் 14, வெள்ளி

இரண்டாமவர் இலவச பஸ் விடுவாராம். தப்பில்லை, எஸ்தோனியாவின் தலைநகர் தாலினில் 2013 முதல் உள்ளூர்வாசிகளுக்கு இலவசம்தான். ஆனால் அங்கே கார் ஓட்டியவர்களைவிட, நடந்து போனவர்கள்தான் அதிகம் பஸ்ஸில் ஏறினார்கள். எனக்குக் கட்டணத்தைவிடக் காத்திருப்புதான் பிரச்சினை. இன்று நாற்பது நிமிடம் நின்றேன். வராத பஸ் இலவசமாக இருந்தால் என்ன?

மூன்றாமவர் நோட்டீஸில் படம்தான் பெரிசு. விட்டுவிடுகிறேன்.

மார்ச் 18, செவ்வாய்

நான்காமவர் குடியிருப்புத் தெருக்களில் வேக வரம்பை 30 கிலோமீட்டர் ஆக்கச் சொல்கிறார். ராத்திரி மச்சான் வந்திருந்தார், கேட்டதும் கொதித்துவிட்டார். "மாட்டுவண்டியிலயே போயிடலாம் மாப்ளே!"

சரி என்று அவரைத் தெருவுக்கு இழுத்துப்போய் அடியெடுத்து அளந்தேன். ஒரு குழந்தை குறுக்கே ஓடுகிறது, ஓட்டுநருக்கு உறைக்க ஒரு விநாடி. 30-ல் வரும் கார் ஏறக்குறைய 13 மீட்டரில் நின்றுவிடும். வாசலிலிருந்து விளக்குக் கம்பம் வரை. 50-ல் வரும் கார் அந்தக் கம்பத்தைத் தொடும்போது இன்னும் பிரேக்கே பிடித்திருக்காது. நிற்க 28 மீட்டராவது வேண்டும். மச்சான் கம்பத்தடியில் நின்று வாசலைத் திரும்பிப் பார்த்தார். அப்புறம், "போர்டு வெச்சா யார் மதிக்கப்போறா?" என்றார். அது நியாயமான கேள்வி.

பிரிட்டனின் வேல்ஸில் 2023 செப்டம்பரில் குடியிருப்புச் சாலைகளுக்கு மணிக்கு 20 மைல் (ஏறக்குறைய 32 கிலோமீட்டர்) என்று கொண்டுவந்தபோது, எதிர்த்து 4 லட்சத்து 60 ஆயிரம் பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டார்கள். இப்படி எதிர்ப்பு வரும் என்று தெரிந்தும் இதை நோட்டீஸில் அச்சடித்தவருக்குத் துணிச்சல் இருக்கிறது.

மார்ச் 22, சனி

நாளை வாக்குப்பதிவு. ஐந்தாவது வேட்பாளர் இன்றுதான் வந்தார். சுயேச்சை, கூட வந்தது ஒரே ஒரு பெண். வணக்கம் சொன்ன கையோடு பள்ளத்தின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். "தண்ணி எங்கேருந்து சார் வருது?" இத்தனை நாளில் யாரும் கேட்காத கேள்வி.

சாலையோரமாக நடந்து போய் வடிகாலின் வாயில் விரலை வைத்துக் காட்டினார். அது சாலையைவிட இரண்டு விரற்கடை உயரத்தில் இருக்கிறது. பத்து வருஷமாக அதைத் தாண்டித்தான் நடக்கிறேன், ஒரு நாளும் கண்ணில் பட்டதில்லை. தண்ணீர் மேடேறிப் போகுமா? பள்ளத்தில் வந்து தேங்குகிறது.

"இதைத் தாழ்த்தாம மூடினா அடுத்த மழைக்குத் திரும்ப வரும்" என்றார்.

"நீங்க ஜெயிச்சா எப்ப தாழ்த்துவீங்க?"

"கணக்கைப் பார்க்காம தேதி சொல்ல மாட்டேன் சார்."

அவர் போனதும் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "இப்படிப் பேசினா யாருடா ஓட்டுப் போடுவா?"

இரவு ஒன்பதரை. வெளியே சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தால், செல்போன் வெளிச்சத்தில் மூன்று பேர் பள்ளத்தில் தார்க்கலவையைக் கொட்டிக்கொண்டிருக்கிறார்கள். யார் அனுப்பினது என்று கேட்டேன். சொல்லவில்லை. மண்வெட்டியால் நாலு தட்டு தட்டிவிட்டுப் போய்விட்டார்கள்.

வடக்கே மின்னுகிறது.