டொனால்ட் டக் கட்டிய 13 டாலர் வரி

இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1943-ல் வந்த 'ஃபாலிங் ஹேர்' கார்ட்டூன் படத்தின் கடைசிக் காட்சி. பக்ஸ் பன்னி முயலும், விமானங்களைப் பழுதாக்கும் கிரெம்லின் (gremlin) என்ற குட்டிச்சாத்தானும் ஏறிய விமானம் தலைகுப்புறப் பாய்ந்து வருகிறது. தரையைத் தொடச் சில அடிகள் இருக்கும்போது அந்தரத்தில் அப்படியே நின்றுவிடுகிறது. பெட்ரோல் தீர்ந்துவிட்டதாம். 'ஏ' கார்டு என்றால் இப்படித்தான் என்று பக்ஸ் பன்னி கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைக் காட்டுகிறான்.

இன்று பார்ப்பவருக்கு இது புரியாது. அன்றைக்கு அமெரிக்காவில் பெட்ரோல் ரேஷனில் கிடைத்தது; அத்தியாவசியத் தேவை என்று காட்ட முடியாத கார்களுக்கெல்லாம் 'ஏ' ஸ்டிக்கர்தான். வாரத்துக்கு 3, 4 காலனோடு சரி. தியேட்டரில் உட்கார்ந்திருந்த பெரும்பாலானோரின் காரில் அதே ஸ்டிக்கர் இருந்தது. போர்க்காலக் கார்ட்டூன்களைப் பார்க்கும்போது மூன்று விஷயங்களைக் கவனித்தால் போதும்: காசு யார் கொடுத்தது, எதிரே யார் உட்கார்ந்திருந்தார்கள், மறுநாள் காலை அவர்கள் என்ன செய்யவேண்டும் என்று படம் கேட்டது. மூன்றாவதற்குத் தெளிவான பதில் இருக்கும் படங்கள்தான் தொழில் சுத்தமாக இருக்கும் என்பது என் கணிப்பு.

சரியான எடுத்துக்காட்டு 1942-ல் அமெரிக்கக் கருவூலத் துறைக்காக டிஸ்னி எடுத்த 'தி நியூ ஸ்பிரிட்'. அதுவரை வருமான வரி வசதி படைத்தவர்களின் சங்கதி. வரம்பைக் குறைத்ததும் லட்சக்கணக்கானோர் வாழ்க்கையில் முதல்முறையாக வரிப் படிவத்தைப் பார்த்தார்கள். கடைசித் தேதி மார்ச் 15. அதற்குள் படம் தியேட்டருக்கு வந்தாகவேண்டும். கருவூலத் துறை எதிர்பார்த்தது சராசரி வரிதாரராக ஒரு புதுப் பாத்திரத்தை. வால்ட் டிஸ்னி கொடுத்தது டொனால்ட் டக்கை. எம்ஜிஎம் ஸ்டூடியோ தன் நட்சத்திர நடிகர் கிளார்க் கேபிளையே தூக்கிக் கொடுப்பதற்குச் சமம் இது என்று வாதாடி ஜெயித்தார்.

படத்தின் முதல் பாதியை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். நாட்டுக்கு உதவ வா என்று ரேடியோ அழைத்ததும் டொனால்ட் துப்பாக்கியோடு துள்ளுகிறான். வரி கட்டு என்றதும் முகம் விழுந்துவிடுகிறது. தலைவலி மாத்திரை சகிதம் மேஜையில் உட்கார்கிறான். பேனா, மசிக்கூடு, ஒற்றுத்தாள் எல்லாம் உயிர் பெற்று எழுந்து சுருக்கப் படிவத்தைக் காட்டுகின்றன. தொழில்: நடிகர். வருமானம்: 2,501 டாலர். சார்ந்திருப்போர்: மூன்று மருமகன்கள். கட்டவேண்டிய வரி: 13 டாலர். அவ்வளவுதானா என்று அவனுக்கே ஆச்சரியம். படிவம் கண்டு மிரண்ட ஆளுக்கு ஒவ்வொரு கட்டமாக நிரப்பிக் காட்டுவதைவிடச் சிறந்த பிரச்சாரம் ஏது? இரண்டாம் பாதியின் பீரங்கி, நீர்மூழ்கி, எரியும் வானம் எல்லாம் பின்பாட்டு மாதிரிதான்.

3 கோடிக்கும் அதிகமானோர் பார்த்தார்கள். வரி கட்டும் மனநிலையில் மாற்றம் ஏற்பட்டதாக கேலப் கருத்துக் கணிப்பில் 37 சதவீதம் பேர் சொன்னார்கள். ஆனால் படத்துக்கான 80,000 டாலர் பில்லைப் பார்த்துப் பிரதிநிதிகள் சபை கொதித்தெழுந்து தொகையை வெட்டிவிட்டது. போதாக்குறைக்கு, இந்தப் படம் இலவசமாகக் கிடைத்ததால் காசு கொடுத்து எடுக்கவேண்டிய டொனால்ட் படங்களைத் தியேட்டர்கள் ஒதுக்கின. மறு வருடம் 'தி ஸ்பிரிட் ஆஃப் 43' எடுத்தபோது முன்பாதி மட்டும் புதிது. பின்பாதி பழைய படத்திலிருந்து அப்படியே வந்தது.

செலவைக் குறைக்கும் இந்தக் கலையை டிஸ்னி ஏற்கெனவே கனடாவுக்காகப் பழகியிருந்தது. 1941-ன் 'தி திரிஃப்டி பிக்' படத்தில் ஓடுவது 1933-ன் மூன்று பன்றிக்குட்டிகளின் பழைய அசைவுகள். ஓநாய்க்கு ஸ்வஸ்திகா மாட்டி, செங்கல் வீட்டைப் போர்ச் சேமிப்புப் பத்திரங்களால் கட்டினார்கள். 4 டாலர் போட்டால் 5 டாலர் திரும்பும் என்பதுதான் செய்தி. பன்றியின் அசைவில் இருக்கும் மெருகு, பின்னால் வரும் காசு விமானமாக மாறும் காட்சிகளில் இருக்காது. ஒட்டுப்போட்ட இடம் அங்கேதான் தெரியும்.

மின்னி மவுஸும் புளூட்டோ (Pluto) நாயும் வரும் 1942 படம் இன்னும் நேரடி. பன்றிக்கறி வறுத்த கொழுப்பைக் கொட்டாதே. வடிகட்டி அகன்ற வாய் டப்பாவில் ஊற்று, குளிர்ந்த இடத்தில் வை, ஒரு பவுண்டு சேர்ந்ததும் கறிக்கடையில் கொடு. கொழுப்பிலிருந்து கிளிசரின், கிளிசரினிலிருந்து வெடிமருந்து. தனக்கு வரவேண்டிய கொழுப்பு பறிபோகிறதே என்ற புளூட்டோவின் ஏக்கம் இல்லாவிட்டால் இது வெறும் சமையல் குறிப்பு.

ஸ்னாஃபு என்ற சொதப்பல் சிப்பாயை வைத்துச் சிப்பாய்களுக்கு மட்டும் காட்டிய 'பிரைவேட் ஸ்னாஃபு' தனி ரகம். பக்ஸ் பன்னியின் வார்னர் பிரதர்ஸ் பட்டறையில், கருப்பு வெள்ளையில், சில நிமிடங்கள் மட்டுமே ஓடும் படங்கள். 1943-ல் வந்த 'ஸ்பைஸ்' படத்தில் ஸ்னாஃபுவுக்கு ஒரு ரகசியம் தெரியும். மூளைக்குப் பூட்டு போட்டிருக்கிறான். போனில் ஒரு சொல், பத்திரிகைக் கடையில் ஒரு சொல், பாரில் இன்னும் கொஞ்சம் என்று உதிர்க்கிறான். எந்தத் துண்டும் தனியே ரகசியமில்லை. சேர்த்தால் கப்பல் புறப்படும் நேரமும் போகும் இடமும் வந்துவிடுகிறது. உளவு வேலை நடக்கும் விதத்தை இதைவிடச் சுருக்கமாக விளக்கிவிட முடியாது.

பார்ப்பவரிடம் இதைச் செய் என்று கேட்பதற்கு எதுவுமில்லாத படங்களில்தான் வெறுப்பு வழிகிறது. ஆஸ்கர் வாங்கிய 'டெர் ஃபியூரர்ஸ் ஃபேஸ்' படத்தில்கூட நல்ல பகுதி டொனால்டின் காலை உணவுதான்: நூலில் கட்டிய ஒரே ஒரு காப்பிக்கொட்டையைத் தண்ணீரில் முக்கி எடுக்கிறான், ரொட்டியை ரம்பத்தால் அறுக்கிறான். ஜெர்மானியரைக் கிண்டலடிக்க ஹிட்லர், கோரிங் என்று ஆட்கள் இருந்தார்கள். ஜப்பானியர் என்றால் பல்லும் கண்ணாடியும்தான்; முழு இனத்துக்கும் ஒரே முகம். 1944-ல் வந்த 'பக்ஸ் பன்னி நிப்ஸ் தி நிப்ஸ்' படத்தில் ஐஸ்கிரீமுக்குள் கையெறிகுண்டு வைத்துக் கொடுப்பதுதான் நகைச்சுவை. அதில் இன்று மிஞ்சியிருப்பது கூச்சம் மட்டுமே.

இணையத்தில் தேடுவோருக்கு ஒன்று: வார்னரின் கருப்பு வெள்ளைப் படங்கள் சில 1960-களின் இறுதியில் கொரியாவில் மறுபடி வரையப்பட்டு வண்ணம் பெற்றன. அசைவு வெட்டி வெட்டி நகர்ந்தால் அது அந்தப் பிரதி. விட்டுவிட்டு அசலைத் தேடுங்கள்.

எதிர்முனையான ஜப்பானில் இயக்குநர் செயோ மிட்சுயோ 1945 ஏப்ரல் 12-ல் வெளியான 74 நிமிடக் கார்ட்டூன் படத்தில், அரக்கர் தீவை வெல்லும் நாட்டுப்புறக் கதை நாயகன் மோமோடாரோவைக் கடற்படைத் தளபதியாக்கினார். தீவின் விலங்குகளுக்கு ஜப்பானிய அரிச்சுவடியைப் பாட்டாகச் சொல்லித்தருகிறார்கள் வீரர்கள். மெட்டு இனிமையானது, ஆக்கிரமிப்பு இவ்வளவு மென்மையாகப் படமானது அபூர்வம். அதைப் பார்க்கவேண்டிய பிள்ளைகள் குண்டுவீச்சுக்குப் பயந்து நகரங்களைவிட்டு வெளியேற்றப்பட்டிருந்தார்கள். ஒசாகாவில் காலியாகக் கிடந்த தியேட்டரில் உட்கார்ந்து பார்த்த சிலரில் ஒருவர், பின்னாளில் 'ஆஸ்ட்ரோ பாய்' படைத்த தெசுகா ஒசாமு. அதே செயோவின் முந்தைய படம் 1943-ல் வந்தது. பேர்ல் ஹார்பரை அரக்கர் தீவாகக் காட்டும் அந்த 37 நிமிடப் படத்தில், போதையில் கப்பலில் தள்ளாடும் எதிரி மாலுமியின் முகத்தைக் கவனியுங்கள். அமெரிக்க பாப்பாய் கார்ட்டூன்களின் வில்லன் புளூட்டோவின் (Bluto, டிஸ்னியின் நாய் அல்ல) தாடியும் தொப்பையும் அப்படியே இருக்கும்.