புகையிலைத் தடைச் சட்டம்: ஆய்வுக்குப் போகும்போது எங்கே பார்க்க வேண்டும்

வாசலில் ‘புகைபிடிக்காதீர்’ பலகை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்புகிற ஆய்வால் பயனில்லை. பலகை மாட்டுவது சுலபம், அதை எல்லோரும் மாட்டிவிடுகிறார்கள். பின்பக்க மாடிப்படி, கழிப்பறை ஜன்னல் விளிம்பு, ஜெனரேட்டர் அறை, மொட்டை மாடிக் கதவு இவற்றை முதலில் பாருங்கள். பழுப்பேறி நைந்த சிகரெட் துண்டுகளும் புதியவையும் கலந்து கிடந்தால், அநேகமாக அது அன்றாடப் பழக்கம். ஆஷ்ட்ரேயோ மணல் நிரப்பிய டப்பாவோ கண்ணில் பட்டால், புகைத்தவரைத் தேடி அலைய வேண்டாம். அந்த டப்பாவை அங்கே வைக்கவிட்டது யார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

சட்டம் நிற்பதும் சறுக்குவதும் பெரும்பாலும் இந்தக் கேள்வியில்தான். புகைப்பவர் மேல் மட்டும் அபராதம் போடுகிற சட்டத்தை ஓர் ஆய்வாளர் எத்தனை பேர் பின்னால் ஓடி நடத்த முடியும்? இடத்துக்குப் பொறுப்பானவர் மேல் கடமையைச் சுமத்தினால், ஆய்வாளர் இல்லாத நேரத்திலும் தடுக்க ஓர் ஆள் இருப்பார். உலக சுகாதார அமைப்பின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கை 2005-இல் நடைமுறைக்கு வந்தது. பிறர் விடும் புகையிலிருந்து மக்களைக் காப்பது பற்றிய அதன் 8-ஆவது பிரிவுக்கு 2007-இல் ஏற்கப்பட்ட வழிகாட்டு நெறிகளும் இதையே சொல்கின்றன: தனிநபரைவிட நிறுவனத்துக்கு அபராதம் கூடுதலாக இருக்க வேண்டும்.

அடுத்த ஓட்டை, ‘புகைபிடிக்கும் அறை’ என்ற விலக்கு. இது சட்டத்துக்குள்ளேயே வைத்த பொந்து என்பது எங்கள் கருத்து. கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் புகை வெளியே வரும். துப்புரவுப் பணியாளர் உள்ளே போயே ஆக வேண்டும். சோதிக்கப் பெரிய கருவி தேவையில்லை. மெல்லிய டிஷ்யூ தாளைக் கீற்றாகக் கிழித்து, மூடிய கதவின் அடி இடுக்கில் வெளிப்பக்கமாகப் பிடியுங்கள். தாள் உங்களை நோக்கிப் பறந்தால் அறைக் காற்று வெளியே கசிகிறது. உள்நோக்கி இழுபட்டாலும் நிம்மதி வேண்டாம், கதவைத் திறந்ததும் நிலைமை மாறிவிடும். எந்தக் காற்றோட்ட ஏற்பாடும் முழுப் பாதுகாப்பு தராது என்று அதே நெறிகள் தெளிவாகச் சொல்கின்றன. அயர்லாந்து 2004 மார்ச்சில் மதுக்கூடங்களையும் சேர்த்தே தடை செய்தது. விலக்கு குறையக் குறைய வாக்குவாதமும் குறையும்.

நுண்துகள் மானி வைத்து அளப்பவர்கள் வெளிக்காற்றையும் அளந்துகொள்ளுங்கள். அடுப்புப் புகையும் வாகனப் புகையும் பிஎம் 2.5 எனும் நுண்துகள் அளவை ஏற்றும் என்பதால், உள்ளே எடுத்த எண் மட்டும் விசாரணையில் நிற்காது. காற்றில் உள்ள நிகோட்டினைப் பிடிக்கும் வடிதாள் வில்லை இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கும். ஆனால் அதைப் பல நாள் தொங்கவிட்டு, பிறகு ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும்.

கடைகளில் கதை வேறு. பாக்கெட்டைப் பிரித்து ஒற்றை சிகரெட்டாக விற்றால், எச்சரிக்கைப் படம் வாங்குபவர் கைக்குப் போவதே இல்லை. அட்டையில் பாதிக்கு மேல் எச்சரிக்கை அச்சிட்டும் பயனில்லாமல் போகிறது. கண்ணாடி அலமாரியையும் விளக்குப் பலகையையும் சிகரெட் நிறுவனம் விளம்பரத்துக்காக இலவசமாகத் தந்து, மாதம் ஒரு தொகையும் கொடுக்கும் இடத்தில், அபராதம் அந்தத் தொகையைவிடக் குறைவாக இருந்தால் கடைக்காரர் அபராதத்தைக் கட்டிவிட்டு வியாபாரத்தைத் தொடர்வார். விற்பனைக்குத் தனி உரிமம் கட்டாயமாக இருந்தால், அதை நிறுத்திவைக்கும் அதிகாரம் அபராதத்தைவிட வேகமாக வேலை செய்யும். உரிமமே இல்லாத முறையில் எத்தனை கடைகள் இருக்கின்றன என்ற பட்டியல்கூடக் கிடைக்காது.

அலுவலகப் பக்கத்துத் தடைகளும் உண்டு. ரசீதுப் புத்தகம் இல்லாமல் ஆய்வுக்கு அனுப்புவது, அபராதம் போடும் அதிகாரம் யாருக்கு என்று எழுத்தில் இல்லாதது, புகார் எண்ணை எடுக்க ஆளில்லாதது. ஆய்வுக்கு வருபவரே வாசலில் நின்று ஊதினால், அதன்பின் அவர் என்ன சொன்னாலும் எடுபடாது.

முதல் வருகையில் விளக்கம், அடுத்ததில் எழுத்து நோட்டீஸ், பிறகு அபராதம் என்று போவது நல்லது. மறுவருகையை வேறு கிழமையில், வேறு நேரத்தில் வையுங்கள். மதிய இடைவேளையும் இரவு வேளையும் உண்மையைக் காட்டும். நோட்டீஸை வாசல் காவலாளியிடம் கொடுத்துவிட்டு வராமல், உரிமையாளர் பெயருக்கு எழுதி, கையெழுத்து வாங்கிய நகலைக் கோப்பில் வையுங்கள்.