பேலாஃபுக்குப் பாடத் தெரியாது

மார்ச் 3
இந்த வாரம் கேட்பது, எக்ஸோடஸ் என்ற அமெரிக்க த்ராஷ் மெட்டல் பேண்டின் முதல் ஆல்பம். 'பாண்டட் பை ப்ளட்', 1985. 9 பாட்டு, சுமார் 40 நிமிடம். த்ராஷ் மெட்டல் (அதிவேகமும் ஆவேசமுமான கனத்த ராக் இசை) என்றாலே மெட்டாலிகா, ஸ்லேயர், மெகாடெத், ஆந்த்ராக்ஸ் என்று நான்கு பேண்டோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஐந்தாவதாக இவர்களையும் சேர்க்கச் சொல்லிச் சண்டை போடும் கூட்டம் ஒன்று உண்டு. நானும் அந்தக் கட்சிதான்.

மார்ச் 4
தாமதம்தான் இவர்களைக் கெடுத்தது. 1984 கோடையிலேயே கலிஃபோர்னியாவின் கோட்டாட்டியில், ப்ரேரி சன் ஸ்டுடியோவில் பதிவு செய்துவிட்டார்கள். கடைக்கு வந்தது அடுத்த ஆண்டு ஏப்ரலில். அதற்குள் மெட்டாலிகாவின் 'ரைட் தி லைட்னிங்' வெளிவந்து மாதக்கணக்காகிவிட்டது. அதில் 'க்ரீப்பிங் டெத்' பாட்டின் நடுவே கூட்டமே சேர்ந்து கத்தும் இடம் இருக்கிறதே, அது எக்ஸோடஸின் பழைய பாட்டு ஒன்றில் இருந்த ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கு. எக்ஸோடஸைத் தொடங்கியவர்களில் ஒருவரான கிர்க் ஹாமெட், 1983-இல் மெட்டாலிகாவுக்குப் போனபோது கையோடு கொண்டுபோனது. பிந்தி வந்தவர்கள் என்பதற்காக இவர்களை நகல் என்று சொல்பவர்களிடம் என்ன பேசுவது!

மார்ச் 6
ஹெட்ஃபோனில் 'பிரானா'. திரும்பத் திரும்ப அதே பாட்டு. கிட்டார் வாசிக்கும் கேரி ஹோல்ட், ரிக் ஹூனோல்ட் இருவருக்கும் வித்தை வலது கையில். உள்ளங்கை ஓரத்தை பிரிட்ஜ் (கம்பிகளைத் தாங்கும் கட்டை) பக்கம் கம்பிகள் மேல் அழுத்தி வைத்துக்கொண்டு பிக்கால் (மீட்டும் சிறு தகடு) அடிக்கிறார்கள். அதனால் ஒலி இழுபடாமல் ஜுக் ஜுக்கென்று துண்டு துண்டாக விழுகிறது. பாதி வேகத்தில் என் கிட்டாரில் வாசித்துப் பார்த்தேன், வந்துவிட்டது. அப்புறம் வேகத்தைக் கூட்டினால் முன்கை இறுகி மரத்துவிடுகிறது. இவர்களுடைய கனம் சத்தத்தால் வருவதில்லை. இரண்டு கிட்டாரும் ஒரே நொடியில் அடித்து ஒரே நொடியில் நிற்பதால் வருகிறது. அந்த இடைவெளிகளில்தான் டாம் ஹன்டிங்கின் டிரம்ஸ் தெளிவாகக் கேட்கிறது.

மார்ச் 7
'நோ லவ்' தொடக்கத்தில் மென்மையான கிட்டார். அழகுதான். அன்றைக்கு எல்லா பேண்டும் செய்ததுதான்.

மார்ச் 9
இன்று 2008-இல் வந்த 'லெட் தேர் பி ப்ளட்'. முதல் ஆல்பத்தையே முழுசாக மறுபடி பதிவு செய்தது, பாடியவர் ராப் டியூக்ஸ். கிட்டார் இன்னும் தடிமன், டிரம்ஸ் பளிச்சென்று சுத்தம். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பாதியிலேயே நிறுத்திவிட்டேன்.

காரணம் பால் பேலாஃப். பழைய பதிவில் பாடியவர். அவருக்குச் சுருதி சேராது. வார்த்தைகளைத் துப்புவார், வரி முடியும்போது குரல் கிறீச்சென்று கிழியும். பாட்டு வரிகளோ ரத்தம், வெட்டு, குத்து என்று விடலைப் பையன்களின் வீராப்பு. டியூக்ஸ் அதை நிஜமான கோபத்தோடு பாடுகிறார், எனக்கு அலுத்துவிட்டது. பேலாஃப் தெருச்சண்டையை வேடிக்கை பார்த்துக் குதூகலிப்பவர் மாதிரி பாடுகிறார். 'எ லெசன் இன் வயலன்ஸ்' பாட்டை இரண்டு பதிவிலும் அடுத்தடுத்துக் கேட்டால் தெரியும். நல்ல பாடகர் கிடைத்திருந்தால் இந்த ஆல்பம் கெட்டிருக்கும் என்றே நினைக்கிறேன். அடுத்த ஆல்பத்துக்கு அவரை வைத்துக்கொள்ளவில்லை, ஸ்டீவ் சூசா வந்தார். பேலாஃப் 2002-இல் இறந்துவிட்டார்.

மார்ச் 10
'டெலிவர் அஸ் டு ஈவில்' 7 நிமிடத்துக்கு மேல். 2 நிமிடத்தை வெட்டியிருக்கலாம். சரி, அடுத்து வரும் 'ஸ்ட்ரைக் ஆஃப் தி பீஸ்ட்' 4 நிமிடத்தில் வட்டியோடு ஈடுகட்டிவிடுகிறது. அடுத்து, பேலாஃப் திரும்பி வந்து பாடிய 1997 மேடைப் பதிவு.