மாமாவின் நோட்டும் 44-ஆம் எண் சாலையும்

அக்டோபர் 24, 2023, செவ்வாய். நாமக்கல்

நேற்று ஆயுத பூஜை. வண்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, முன்னால் வாழைக்கன்று கட்டியாகிவிட்டது. இன்று விஜயதசமி விடியலில் தோழியும் நானும் கன்னியாகுமரியிலிருந்து கிளம்பிவிட்டோம். போக வேண்டியது ஸ்ரீநகர். கடைசிவரை ஒரே சாலை, தேசிய நெடுஞ்சாலை 44. நாட்டிலேயே நீளமானது.

முப்பந்தல் பக்கம் பாதிக் காற்றாலைகள் சுற்றவில்லை, காற்று சீசன் முடிந்துவிட்டது. கோவில்பட்டி, மதுரை, திண்டுக்கல் எல்லாம் பழகிய ரோடு. பரமத்தி வேலூர்ப் பாலத்தில் காவிரி மணலாகக் கிடந்தது. மேட்டூரில் பாசனத் தண்ணீரை இந்த மாதம் நிறுத்திவிட்டார்கள். கரையோர வாழைத்தோப்புகளைப் பார்க்கவே மனசு கஷ்டமாக இருந்தது.

இரவு தோழியின் வீடு. அவள் அப்பா, எனக்கு மாமா, முப்பது வருஷத்துக்கு மேல் லாரி ஓட்டியவர். சேலத்து ஜவ்வரிசியை நாக்பூருக்கும் டெல்லிக்கும் ஏற்றிப்போய், கிடைத்த ரிட்டர்ன் லோடோடு திரும்புவார். அவருக்கு இது இன்னமும் ஏழாம் நம்பர் ரோடுதான். 2010-ல் எண்களை மாற்றியபோது, வாரணாசியிலிருந்து குமரி வரை வந்த பழைய ஏழின் பெரும்பகுதியோடு வடக்கே இருந்த வேறு சாலைகளையும் இணைத்து 44 ஆக்கினார்கள்.

சாப்பிட்டு முடித்ததும் பீரோவிலிருந்து தன் ட்ரிப் நோட்டை எடுத்துவந்து மகள் கையில் கொடுத்தார். நீளவாக்கில் அட்டை போட்ட கணக்கு நோட்டு. டீசல், கிளீனர் பேட்டா, பஞ்சர், சாப்பாடு. ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் ஆறுகளின் பெயர், பக்கத்தில் நேரம். தெலுங்கு போர்டும் இந்தி போர்டும் அவருக்குப் படிக்க வராது. எத்தனை ஆறு தாண்டியிருக்கிறோம் என்பதை வைத்துத்தான் தூரத்தைக் கணக்குப் போடுவாராம்.

"தெனமும் ராத்திரி கூப்புட்டு எந்த ஆறு தாண்டுனீங்கன்னு மட்டும் சொல்லுங் கண்ணு. மிச்சத்த நானே தெரிஞ்சுக்குவேன்" என்றார்.

அக்டோபர் 25, புதன். அனந்தபூர்

தொப்பூர் கணவாய். நாங்கள் ஏறும் பக்கம். எதிர்ப்பக்கத்தில் தர்மபுரியிலிருந்து சேலம் நோக்கி லாரிகள் இறங்கிக்கொண்டிருந்தன. விபத்துச் செய்திகளில் அடிபடுவது அந்த இறக்கம்தான். டீசல் மிச்சமாகும் என்று சிலர் நியூட்ரலில் விட்டுவிடுகிறார்கள். நியூட்ரலில் இன்ஜின் வண்டியை இழுத்துப் பிடிக்காது. மொத்த எடையையும் பிரேக்தான் தாங்கியாக வேண்டும். டிரம் சூடேறச் சூடேற லைனிங்கின் பிடிப்பு போய்விடும். கடைசியில் பெடலை எவ்வளவு மிதித்தாலும் வண்டி நிற்காது. மாமா சொல்லிக்கொடுத்த பாடம்: எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு.

ஒவ்வொரு முறையும் 'டிரைவரின் அலட்சியம்' என்று எழுதிவிடுகிறோம். லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் கொடுத்தே தீர வேண்டும், குறைந்தால் உன் கணக்கில் பிடிப்பேன் என்று ஒரு முதலாளி சொல்லும்போது, அந்த நியூட்ரலில் அவருக்கும் பங்கு உண்டு. இதை நான் உறுதியாகச் சொல்வேன்.

காவேரிப்பட்டினத்தில் தென்பெண்ணை, சாயங்காலம் பாமிடியில் வடபெண்ணை. இரண்டும் நந்திமலைப் பக்கம் பிறப்பவை. ஒன்று தெற்கே நம்மிடம் வருகிறது, இன்னொன்று வடக்கே ஆந்திராவுக்குள் போகிறது. இரண்டுக்கும் நடுவில் அந்த நந்திமலையை ஒட்டியே வந்திருக்கிறோம். பாமிடிப் பாலத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று அனந்தபூரைத் தாண்டிப் போய்விட்டு, தங்குவதற்குத் திரும்பி வந்தோம்.

"பெண்ணாறு தாண்டியாச்சா? தண்ணி போகுதா?"

"இல்லீங்ப்பா, மணல்தான்."

"எப்பவும் அப்படித்தான் கெடக்கும்."

அக்டோபர் 26, வியாழன். நிர்மல்

துங்கபத்திரா, கிருஷ்ணா, கோதாவரி, மூன்றும் ஒரே நாளில். மாமா ரொம்பச் சந்தோஷப்பட்டார்.

தெலங்கானாவில் அடுத்த மாதம் தேர்தல். எல்லையிலும் ஹைதராபாத்துக்கு அப்பாலும் காரை நிறுத்திப் பெட்டி, டிக்கி எல்லாவற்றையும் பணத்துக்காகச் சோதித்தார்கள். ஒரு பெண் காவலர் இந்த நோட்டையும் புரட்டிப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தபடி தன் மாமனாரும் லாரி டிரைவர்தான் என்றார்.

ஒரு காலத்தில் மாநில எல்லை என்றாலே செக்போஸ்ட், வரிசை, காகிதம். நோட்டில் ஓர் எல்லையில் மட்டும் பதினோரு மணி நேரம் காத்திருந்ததாக எழுதியிருக்கிறார். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்த பிறகு விற்பனை வரிச் செக்போஸ்ட்டுகளை எடுத்துவிட்டார்கள். மாமா அதற்கு முன்பே ஓட்டுவதை நிறுத்திவிட்டார்.

பெண்கள் நெடுந்தூரம் போகும்போது எதிலும் பெரிய கவலை கழிப்பறைதான். இன்று நின்ற பங்க்குகள் பலவற்றில் கதவு பூட்டியிருந்தது. சாவி மேனேஜரிடம், மேனேஜர் சாப்பிடப் போயிருக்கிறார் என்ற பதில். டோல்கேட்டை ஒட்டியிருப்பவை பரவாயில்லை. இதற்குப் பயந்து தண்ணீரைக் குறைத்துக் குடிக்கிற பெண்கள் ஏராளம். உடம்புக்கு அது கெடுதல், செய்யாதீர்கள். பூட்டியிருந்தால் சாவியைக் கேட்டு வாங்குங்கள், கொடுக்கும்வரை நகராதீர்கள்.

அக்டோபர் 27, வெள்ளி. நாக்பூர்

ஆதிலாபாத் பக்கம் வழியெல்லாம் பருத்தி வெடித்து நிற்கிறது. பெண்கங்கா பாலத்தின் அக்கரை மகாராஷ்டிரா.

நாக்பூரில் 'ஜீரோ மைல்' கல்லைப் பார்த்தோம், நாலு குதிரைச் சிலைகளோடு. வெள்ளைக்காரர் காலத்து நில அளவைக் கல். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, சாலையோரத் தள்ளுவண்டிக்கு வந்தோம். இன்றைய நாள் எனக்கு அந்தத் தள்ளுவண்டிதான்.

சாபுதானா கிச்சடி. ஊறி உதிர்ந்த ஜவ்வரிசியை நெய்யில் சீரகம், பச்சை மிளகாய் தாளித்துக் கிளறி, பொடித்த வேர்க்கடலையைத் தூவி, மேலே எலுமிச்சை பிழிந்து கொடுத்தார். ஒவ்வொரு மணியும் கண்ணாடியாக, ஒன்றோடொன்று ஒட்டாமல். நம் ஊரில் ஜவ்வரிசி என்றால் பாயசம், வடாம். இங்கே விரத நாளுக்கு இதுதான் சாப்பாடு. இந்த வாரம் முடிந்த நவராத்திரிக்கு எவ்வளவு செலவாகியிருக்கும்!

தோழி தட்டைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் சாப்பிடவில்லை. சேலம், நாமக்கல் பக்கத்துக் குச்சிக்கிழங்கு, அரைத்து மாவெடுத்து உருட்டி வறுத்து மூட்டையாகி இந்த ரோட்டில்தான் வருகிறது. அவள் பள்ளிக்கூட ஃபீஸ், கல்யாணச் செலவு, அந்த நாமக்கல் வீட்டின் ஓடு, எல்லாம் இந்த மூட்டையில் வந்தவை. "அப்பா எதக் கொண்டுபோறாருன்னு தெரியும் புள்ள. அதத் திங்கிறது யாருன்னு இன்னிக்குத்தான் பாக்குறேன்" என்றாள். பிறகு இன்னொரு தட்டு வாங்கினாள்.

அக்டோபர் 28, சனி. சாகர்

நாக்பூரைத் தாண்டி மன்சர் முதல் கவாசா வரை பெஞ்ச் புலிகள் காப்பகத்துக் காடு. இங்கே சாலையைத் தூண்களின் மேல் தூக்கிக் கட்டியிருக்கிறார்கள். மேலே நாம் போகிறோம், அடியில் விலங்குகள். மகாராஷ்டிரப் பகுதியில் மட்டும் இப்படி ஒன்பது அமைப்புகள். இரண்டு பக்கமும் உயரத் தடுப்பு இருப்பதால் முகப்பு விளக்கின் வெளிச்சமும் இரைச்சலும் காட்டுக்குள் அவ்வளவாகப் போவதில்லை. 2019-ல் இந்திய வனஉயிரின நிறுவனம் கேமரா வைத்துப் பார்த்தபோது புலி உட்பட 18 வகை விலங்குகள் பாலத்துக்கு அடியில் நடந்து போனது பதிவானது. நீதிமன்றம் வரை போய்ச் சண்டை போட்டவர்கள் இருந்ததால்தான் இது நடந்தது. அவர்களுக்கு என் வணக்கம். நம் மலைச்சாலைகளில் அடிபட்டுச் சாகும் மானையும் சிறுத்தையையும் நினைத்தால், ஏன் இங்கேயும் செய்யக்கூடாது என்று கேட்கத் தோன்றுகிறது.

பர்மான் அருகே நர்மதை. இந்தப் பயணத்தில் முதன்முறையாகக் கரை நிறையத் தண்ணீர். பௌர்ணமி என்பதால் படித்துறையில் கூட்டம். ராத்திரி கிரகணம் வேறு. மாமா போனில், "அங்க எறங்கிக் குளிச்சுட்டுத்தான் வண்டி எடுப்பேன்" என்றார். நாங்கள் காலை நனைத்துக்கொண்டோம்.

அக்டோபர் 29, ஞாயிறு. குவாலியர்

ஜான்சி வழியாக வந்து சேர்ந்தோம். விடுதி வரவேற்பறையில் மொத்தப் பேரும் டிவி முன்னால். இந்தியா 229-தான் அடித்தது, இங்கிலாந்து 129-ல் சுருண்டது. வெடி போட்டார்கள். கழுத்துவலி, சீக்கிரம் படுக்கிறேன்.

அக்டோபர் 30, திங்கள். கர்னால்

மொரேனாவைத் தாண்டியதும் சம்பல் பள்ளத்தாக்கு. மழை அரித்து அரித்து மண் முழுக்க மடிப்பும் பிளவுமாக. மாமாவின் நோட்டில் 'சம்பல். பகலில் மட்டும்' என்று அடிக்கோடு போட்டிருக்கிறது. கொள்ளைக்காரர்களுக்குப் பயந்து அந்தக் காலத்தில் லாரிகள் கூட்டமாகச் சேர்ந்துதான் கடப்பார்களாம். இன்று பாலத்தின் மேலிருந்து பார்த்தால் தெளிந்த ஆறு, கரையில் மணல்திட்டு. முதலை இனத்தில் நீள மூக்குள்ள கரியால்களுக்கு இந்த ஆறுதான் பெரிய புகலிடம். எங்கள் கண்ணில் படவில்லை. அக்கரை தோல்பூர், ராஜஸ்தானுக்குள் கொஞ்ச தூரம்தான், உடனே ஆக்ரா.

டெல்லிக்கு வெளியே சுற்றிப் போகும் சாலையில் வந்தோம். மத்தியானமே கண் எரிந்தது. கர்னாலில் ஒரு கோஸ் மினார் பார்த்தோம், முகலாயர் காலத்துத் தூர அளவுத் தூண். நாலு நூற்றாண்டுக்கு முன்னால் ஒட்டகத்தோடு போனவனும் இதைப் பார்த்துத்தான் மிச்ச தூரத்தைக் கணக்குப் போட்டிருப்பான்.

அக்டோபர் 31, செவ்வாய். ஜம்மு

ஹரியானாவிலும் பஞ்சாபிலும் நெல் அறுத்த தாளைக் கொளுத்துகிறார்கள். லூதியானாவுக்கு முன்னால் ஒரு வயலில் நெருப்பு வரிசையாக நகர்வதைச் சாலையிலிருந்தே பார்த்தோம். விவசாயியைத் திட்டுவது சுலபம். நெல் அறுத்துக் கோதுமை விதைக்க அவனுக்குக் கிடைப்பது சில வாரம்தான்.

சட்லெஜ், பிறகு ரவி. லக்கன்பூர் தாண்டியதும் தோழியின் போன் செத்துவிட்டது. வெளிமாநில ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீருக்குள் எடுக்காது. என்னுடையது போஸ்ட்பெய்டு. பத்து நிமிஷத்தில் மாமா அதில் வந்துவிட்டார், குரலில் பதற்றத்தோடு.

நவம்பர் 1, புதன். ஸ்ரீநகர்

செனானி–நஷ்ரி சுரங்கம் சுமார் ஒன்பது கிலோமீட்டர். 2017-ல் திறந்தது. முன்பெல்லாம் பட்னிடாப் மலையை ஏறி இறங்க வேண்டும். சுரங்கத்தைத் தாண்டி ராம்பன். இடப்பக்கம் மலையை வெட்டிக்கொண்டே இருக்கிறார்கள், கீழே செனாப் பச்சையாக ஓடுகிறது. உதிரும் மலை. மழை பெய்தால் சாலையில் சரிந்துவிடும்.

மாமா காஷ்மீருக்கு ஒரே தடவைதான் வந்திருக்கிறார், ஆப்பிள் லோடுக்கு. திரும்பும்போது ராம்பனில் மாட்டிக்கொண்டார். நோட்டின் அந்தப் பக்கத்தில் நாலு தேதிகளுக்கு நேரே ஒரே சொல்: 'நிற்கிறோம்'. பழம் புழுங்கிவிடக்கூடாதென்று மழை விட்டபோதெல்லாம் தார்ப்பாயை அவிழ்த்துக் காற்றாட விட்டு, மறுபடி கட்டியிருக்கிறார். பஞ்சாப் டிரைவர்கள் ரொட்டி சுட்டுக் கொடுத்தார்களாம். அந்தப் பக்கத்தை ராம்பனில் வண்டியை ஓரங்கட்டி நான் வாசித்தேன். தோழி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த நாலு நாள் வீட்டுக்கு ஒரு தகவலும் இல்லை, அம்மா சாமி மாடத்துக்கு முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள் என்றாள்.

பனிஹால்–காசிகுண்ட் சுரங்கம் எட்டரை கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. 2021 முதல் போக்குவரத்து. மாமா வந்தது இதற்கு மேலே இருக்கும் பழைய ஜவஹர் சுரங்கத்தில்.

லெத்பொராவில் பேச்சை நிறுத்திக்கொண்டோம். 2019 பிப்ரவரி 14 அன்று 40 மத்திய ரிசர்வ் காவல் படையினர் இந்தச் சாலையில்தான் கொல்லப்பட்டார்கள். அவர்களில் தூத்துக்குடி மாவட்டத்துச் சுப்ரமணியனும் அரியலூர் மாவட்டத்துச் சிவச்சந்திரனும் இருந்தார்கள். சுப்ரமணியனின் ஊர் கோவில்பட்டிப் பக்கம். கிளம்பிய அன்று நாங்கள் கடந்துவந்த ஊர்ப்பக்கம், இதே சாலை.

பாம்பூர் வயல்களில் குங்குமப்பூ எடுக்கிறார்கள். தரையோடு தரையாக ஊதாப்பூ. பெண்கள் குனிந்தபடி நகத்தால் கிள்ளிக் கூடையில் போடுகிறார்கள். ஒரு அம்மா எங்களைக் கூப்பிட்டு ஒரு பூவைப் பிரித்துக் காட்டினார். உள்ளே சிவப்பாக மூன்றே இழை. அதுதான் குங்குமப்பூ, மிச்சப் பூ கழிவு. என் விரலில் அந்த மஞ்சள் சாயம் ராத்திரிவரை போகவில்லை.

நவம்பர் 2, வியாழன். ஸ்ரீநகர்

காலையில் பரிம்போரா பழ மண்டி. மாமாவுக்கு அம்ப்ரி வேண்டும், காஷ்மீரின் சொந்த ஆப்பிள். வியாபாரி ஒரு பெட்டியைத் திறந்து காட்டினார். அடியில் வைக்கோல், மேலே செய்தித்தாள், அதன்மேல் அடுக்கு அடுக்காகப் பழம். ஒரு பெட்டி பேசி முடித்தோம்.

வெளியே லாரி வரிசையில் டி.என். 28, கண்ணாடியில் நாமக்கல் ஆஞ்சநேயர். தோழி ஓடியே போய்விட்டாள். ராசிபுரத்துப் பையன், முப்பது வயதிருக்கும், சென்னைக்கு ஆப்பிள் லோடுக்குக் காத்திருக்கிறான். "நம்ம பேச்சு கேட்டு எத்தன நாளாச்சுங்க்கா!" என்று கிளீனரை எழுப்பி டீ வாங்கிவரச் சொன்னான்.

அந்த நேரம் பார்த்து மாமாவின் போன். விஷயத்தைச் சொன்னதும் "அந்தத் தம்பிகிட்டக் குடு" என்றார். என் போனைக் காதில் வைத்துக்கொண்டு அவன் லாரியைச் சுற்றிச் சுற்றி நடந்தான். ஆமாங்கையா, இல்லீங்கையா, இப்ப அந்தப் பக்கம் பெரிய வண்டிய ஒரு வழியாத்தான் விடுறாங்க, தார்ப்பா ரெட்டையா இருக்குதுங்க. வாடகை கட்டுபடியாகிறதா என்று அவர் கேட்டிருக்க வேண்டும். அதற்கு மட்டும் குரலைத் தாழ்த்தி ரொம்ப நேரம் பதில் சொன்னான். டீ ஆறிவிட்டது.

போனைத் திருப்பிக் கொடுத்தபோது, "அக்கா, ஐயா சொல்றாங்க, திரும்பறப்ப ராம்பன வெடியால வெயில் ஏறுறதுக்குள்ள தாண்டிரணுமாம். டிராபிக் போலீஸ் போடற அறிவிப்பப் பாத்துட்டுத்தான் கெளம்பணுமாம். அப்பறம், ஆப்பிள் பொட்டிய டிக்கில வெக்காதீங்க, பின் சீட்ல வெச்சுக் கண்ணாடிய கொஞ்சம் எறக்கி உடுங்க" என்றான்.

பெட்டியைப் பின் சீட்டுக்கு மாற்றினோம்.